பனித்தரை கண்ட வீராங்கனை

சேலத்திற்குத் தெற்கே, ஜருகுமலையின் அடிவாரத்தே பரந்து கிடக்கும் பனமரத்துப்பட்டி ஏரியின் அருகிற் பிறந்து வளர்ந்தவன் யான். மாரி பொய்யாத காலத்தில் அவ்வேரி நிறைந்து சேலம் நகரத்தாரின் நீர்வேட்கையைத் தணித்ததென எம்மூர் முதியோர் கூறுவர். யான் அறிந்த நாட்களிற் பெரும்பாலும் அது வறண்ட நிலமாகவே கிடந்தது. நீர் நிறைந்த ஏரியைக் காண்பதே அரிதாகிய எமக்கு, ஏரி நீர் முழுதும் உறைந்து கற்பாறைபோற் கிடக்க, அதன்மேல் மகளிர் காலணியின் அடியில் இரும்புத் தகடு பொருத்திக்கொண்டு, கையிற் கோலேந்திச் சறுக்கியோடிப் பந்தயம் ஆடுவர் என்னுஞ் செய்தி முதலிற் கட்டுக்கதை போலவே தோன்றிற்று. ஆயினும் அது கதையன்று. வட அமெரிக்காவிலுள்ள கனடா நாட்டில் அஃது அன்றாட வழக்கு. அவ்வாட்டத்தில் தலைநின்று விளங்கியவருள் ஒருவரே பாபி ரோஸன்பெல்டு அம்மையார். அவரது வரலாற்றைச் சிறிது கூற முற்படுகின்றேன்.

பனிக்கட்டி ஹாக்கி எனப்படும் அவ்வாட்டத்தின் முறை இன்னதென முன்னர் அறிதல் நலம். ஓரணிக்கு அறுவர் ஒரு காலத்திற் களத்தில் நிற்பர். அவருள் ஒருவர் கோல் காப்பவர். பந்திற்குப் பதிலாக மூன்றங்குல விட்டமும் ஓரங்குலக் கனமுமுள்ள ரப்பர் வில்லையொன்று வழங்கும். ஆட்டம் இருபது நிமிடங் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். கோலால் எதிரியை இடறிவிடுதல், பிடித்திழுத்தல் முதலிய குற்றம் புரிந்தோர், களத்தின் புறத்தே அதற்கென அமைந்த இருக்கையில் இரண்டு நிமிடம் வாளாவிருத்தல் வேண்டும். அதுகாறும் அவரது அணி ஓராள் குறையவே ஆடும். தன் குற்றத்தின் பயனைத் தன் தோழியர் சுமக்கக் கண்டு அமர்ந்திருத்தலினும் கொடிய தண்டம் பிறிதொன்று உண்டோ! மகளிர்க்கென நடைபெற்ற முதல் உலகப் போட்டி 1990-ஆம் ஆண்டில் ஒட்டாவா நகரில் நிகழ்ந்தபோது, உடலால் மோதித் தள்ளுதல் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. பின்னர் உலகப் போட்டிகளில் அது விலக்கப்பட்டது. முகம் முழுதும் மறைக்குங் கவசமும் மகளிர்க்குக் கட்டாயமாயிற்று. ஆட்டம் முடிந்தபின் வென்றாரும் தோற்றாரும் வரிசையாக நின்று கைகுலுக்கிப் பிரிதல் நெடுநாள் வழக்கமாகும். நம் நாட்டிலும் லடாக்கின் உறைந்த குளங்களிற் பழகிய நங்கையர் பலர் கூடிய இந்திய மகளிர் அணி, 2016-ஆம் ஆண்டில் தைபே நகரில் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியிற் கலந்துகொண்டது. நிற்க.

பாபி அம்மையார் 1904-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அந்நாளில் ருஷியப் பேரரசிற்குட்பட்டதும் இந்நாளில் உக்ரேன் நாட்டிலுள்ளதுமாகிய எகாதெரினோஸ்லாவ் நகரில், ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பேனி என்பது. கைக்குழந்தையாயிருந்தபோதே பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு கனடாவிற் குடியேறி, ஒண்டாரியோ மாகாணத்துப் பாரி என்னும் ஊரிற் குடிபுகுந்தனர். தந்தையார் பழைய சாமான்களை வாங்கி விற்கும் எளிய வாணிகத்தாற் குடும்பத்தைக் காத்தார். பனிக்காலத்தில் ஏரி உறையும் ஊர் அது. மகளிர் தம்முள் அணி வகுத்துப் பனிக்கட்டி ஹாக்கி ஆடிய மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் ஒன்று 1892-ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே நிகழ்ந்ததென்பர். அக்காலத்து மகளிர் கணுக்கால் மறையும் நீண்ட பாவாடையுடனேயே ஆடினர். கோல் காக்கும் பெண் தன் பாவாடையையே மதிலாக விரித்து வில்லையைத் தடுத்த கதையும் உண்டு! இத்தகைய ஊரில் வளர்ந்த சிறுமி, ஓடுதல், தாண்டுதல், எறிதல், பந்தாடுதல் ஆகிய எதனையும் விட்டுவைக்கவில்லை. கூந்தலைக் குட்டையாகக் கத்தரித்துக்கொண்டமையின் பாபி என்னும் பெயர் வந்து நிலைத்தது.

1922-ஆம் ஆண்டளவில் டொராண்டோ நகரை யடைந்து, பாட்டர்ஸன் என்னும் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். அத்தொழிற்சாலைப் பெண்கள் அமைத்த விளையாட்டுக் குழுவே அவரது பயிற்சிக்கூடம் ஆயிற்று. பகலெல்லாம் உழைத்து, மாலையில் ஆடினார். 1923-இல் ஒரு நாள் பந்தாடச் சென்றவிடத்தில், தோழியர் தூண்ட நூறு கெஜ ஓட்டத்தில் விளையாட்டாக இறங்கினார். ஓட்டத்திற்குரிய உடையும் அவரிடம் இல்லை. வென்ற பின்னரே, தாம் பிற்படுத்தியவர் கனடா நாட்டின் ஓட்ட வீராங்கனை ரோஸா கிராஸ் என்பதை அறிந்தார். 1925-ஆம் ஆண்டு ஒண்டாரியோ மகளிர் போட்டியில் ஒரே பிற்பகலில் வட்டெறிதல், நீளத்தாண்டுதல், தடையோட்டம், இருநூற்றிருபது கெஜ ஓட்டம் ஆகிய நான்கிலும் முதலிடம் பெற்றார். டென்னிஸ், கூடைப்பந்து முதலியவற்றில் அவர் பெற்ற வெற்றிகளை ஈண்டு விரிக்கவில்லை. பனிக்கட்டி ஹாக்கியில் அவர் பாட்டர்ஸன் அணியின் நடு ஆட்டக்காரராக நின்றார். விரைவும் வலிய அடியும் ஒருங்கே வாய்ந்தவர் அவர்.

இனி 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயத்திற்கு வருவோம். ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் மகளிர்க்கு முதன்முதல் இடமளிக்கப்பட்டது அவ்வாண்டிலேயே. அதுவும் ஐந்தே பந்தயங்களில். கனடாவிலிருந்து அவற்றிற்குச் சென்ற நங்கையர் அறுவர். நூறு மீட்டர் இறுதியோட்டத்தில், அடையாள வெடி தீருமுன்னர் இருமுறை புறப்பட்ட குற்றத்திற்காக மர்ட்டில் குக் என்னும் கனடா நங்கை விலக்கப்பட்டார். அவர் களத்தின் ஓரத்தே யமர்ந்து அழுதார். விதி விதியே, அதனை யாரும் குறை கூறுதற்கில்லை. பாபி ஓடி, அமெரிக்க நங்கை பெட்டி ராபின்ஸனுடன் ஏறக்குறைய ஒருசேர இலக்கினை யடைந்தார். முந்தியவர் பாபியே என்று கருதினோரும் உளர். ஆயினும் இரண்டாமிடமே அவர்க்கு அளிக்கப்பட்டது. பின்னர் நால்வர் தொடரோட்டத்தில் பாபி முதலில் ஓடினார். அழுதிருந்த மர்ட்டில் குக் இறுதியில் ஓடினார். 48.4 வினாடியில் உலகச் சாதனையுடன் பொற்பதக்கம் கனடாவிற்குக் கிட்டியது.

யான் இவ்வரலாற்றை எழுதத் துணிந்தது இவற்றிற்காக அன்று. எண்ணூறு மீட்டர் ஓட்டம் ஒன்று இருந்தது. பாபி குறுந்தொலைவு ஓடுபவர். அந்நெடுந்தொலைவிற்கு அவர் பயின்றவரல்லர். பதினேழு வயதே நிரம்பிய ஜீன் தாம்ஸன் என்னுந் தன் நாட்டுச் சிறுமிக்குத் துணையாகவே அதில் இறங்கினார். சிறுமியோ பந்தயத்திற்குச் சில நாள் முன்னர்க் காலில் ஊறுபட்டிருந்தாள். இறுதிச் சுற்றில் அவள் தளர்ந்து பின்னடையக் கண்டார், அவளுக்கும் பின்னே வந்துகொண்டிருந்த பாபி. உடனே விரைந்து வந்து அவள் பக்கத்தே ஓடி, ஊக்கி யழைத்துச் சென்றார். இலக்கை நெருங்கியபோது, தாம் முந்துதற்கு ஆற்றல் இருந்தும் முந்தாது, அவளை நான்காவதாக விட்டுத் தாம் ஐந்தாவதாக வந்தார். இங்ஙனம் செய்கவென எந்த விதிநூலும் கூறவில்லை. செய்யாதொழிந்தாற் கேட்பாரும் இலர். அவர் பெற்ற பொற்பதக்கத்தினும், அவர் பெறாது விட்ட அந்நான்காம் இடமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

அவ்வோட்டத்தின் பின்விளைவு வருந்தத்தக்கது. ஒன்பதின்மர் ஓடினர், ஒன்பதின்மரும் இலக்கினை யடைந்தனர், முதல்வியாகிய ஜெர்மனி நாட்டு லீனா ராட்கே உலகச் சாதனை படைத்தார். ஆயினும், களைத்துச் சிலர் புல்லில் அமர்ந்ததும் கிடந்ததுங் கண்ட பத்திரிகையாளர், பெண்கள் குற்றுயிராய் வீழ்ந்தனரென மிகைபட எழுதினர். ஆடவர் களைத்து வீழ்ந்தால் வீரமென்பதும், மகளிர் களைத்து அமர்ந்தால் இயலாமையென்பதும் எந்நாட்டு நீதி? விதி வகுப்போர் அவ்வெழுத்தினை நம்பினர். 1960-ஆம் ஆண்டு ரோமாபுரிப் பந்தயம் வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் ஒலிம்பிக்கில் மகளிர்க்கு இல்லாதொழிந்தது. எம்மூரிலும் பாண்டியும் ஏழாங்கல்லும் ஆடித் திரிந்த சிறுமியர், பூப்பெய்திய மறுநாள் முதல் திண்ணையிலிருந்து ஆட்டத்தை நோக்கியிருக்கக் கண்டிருக்கின்றேன். அதற்கும் எழுதிவைத்த விதி எதுவும் இல்லை.

1929-இல் கொடிய மூட்டுவாதம் பாபியைப் பற்றியது. எட்டுத் திங்கள் படுக்கையிற் கிடந்தார்; அதன்பின் ஓராண்டு ஊன்றுகோலின் துணைகொண்டே நடந்தார். இனி அவர் களத்திற்கு மீளார் என்றே பலரும் எண்ணியிருக்கக் கூடும். அவரோ மீண்டார். 1931-32 பனிக்காலத்தில் ஒண்டாரியோ மாகாணத்தின் சிறந்த பனிக்கட்டி ஹாக்கி மங்கை அவரே எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார்! நோய் திரும்பவும் வந்தது. 1933-இல் ஆட்டத்தினின்றும் முற்றும் விலகினார். எனினும் விளையாட்டினின்று விலகினாரல்லர். 1934-இல் லண்டன் நகரில் நிகழ்ந்த பிரிட்டிஷ் பேரரசுப் பந்தயத்திற்குக் கனடா மகளிரைப் பயிற்றி யழைத்துச் சென்றார். ஒண்டாரியோ மகளிர் ஹாக்கிச் சங்கத்தின் தலைமையை ஏற்று நடத்தினார். டொராண்டோவின் குளோப் அண்டு மெயில் பத்திரிகையில் ஏறக்குறைய இருபதாண்டு மகளிர் விளையாட்டைப் பற்றி எழுதினார். விளையாட்டுப் பெண்மைக்குப் பொருந்தாதெனக் கூறினோரை அவர் தம் எழுத்தில் நகைச்சுவையாற் குத்தத் தவறியதில்லை.

1950-இல் அவ்வரை நூற்றாண்டின் தலைசிறந்த கனடா வீராங்கனை யெனப் பத்திரிகையாளர் அவரையே தேர்ந்தனர். அவர் மணஞ்செய்துகொள்ளவில்லை. 1969 நவம்பரில் டொராண்டோவிற் காலமானார். கனடாவின் சிறந்த வீராங்கனைக்கு ஆண்டுதோறும் வழங்கும் பரிசு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஈழத் தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறி வாழும் அந்நகரின் நடுவே, வானளாவிய சி. என். கோபுரத்தின் அருகில், அவர் பெயரால் ஒரு பூங்காவும் உளது.