ரேச்சல் கார்சன் அம்மையார்

ஆறுகள் கடலை நோக்கி ஓடுகின்றன. அவை நீரை மட்டும் கொண்டு செல்வதில்லை. வழியில் மனிதர் கலக்கும் கழிவையும் நஞ்சையும் சுமந்து செல்கின்றன. கடல் பரந்தது, எத்துணை அழுக்கைக் கொட்டினாலும் அதற்குக் கேடு நேராது என்று மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் தவறு என்பதை உலகம் உணருமாறு எடுத்துரைத்த சான்றோருள் ஒருவர் ரேச்சல் கார்சன் அம்மையார்.

அம்மையார் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் பிறந்தார். அவ்வூர் கடலுக்கு மிகத் தொலைவில் உள்ளது. அன்னையார் மரியா, தம் மகளைக் காட்டிற்கும் வயலுக்கும் அழைத்துச் சென்று, பறவைகளையும் பூச்சிகளையும் செடிகொடிகளையும் காட்டி வளர்த்தார். 11ஆம் வயதிலேயே அவர் எழுதிய கதை சிறுவர் இதழொன்றில் வெளிவந்தது. எழுத்தாளராக விரும்பிய அவர், கல்லூரியில் முதலில் ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்னர் உயிரியலில் ஈடுபாடு மிகுந்து, அதனையே தம் பாடமாகக் கொண்டார். 1929ஆம் ஆண்டுக் கோடையில், உட்ஸ் ஹோல் என்னும் ஊரிலுள்ள கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். கடலை அவர் முதன்முதலாகக் கண்டது அப்பொழுதுதான். அன்று அவருக்கு வயது 22.

1932ஆம் ஆண்டில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். வறுமை அவரை மேலும் படிக்க விடவில்லை. 1935இல் தந்தையார் மறைந்தார். அன்னையாரைக் காக்கும் பொறுப்பை ஏற்ற அம்மையார், அரசாங்கத்தின் மீன்வளத் துறையில் பணியில் அமர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் தமக்கையாரும் இறக்கவே, அவருடைய பெண்மக்கள் இருவரும் அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்தனர். இத்துணைச் சுமைக்கிடையிலும் அவர் எழுதுவதை விடவில்லை. 1951இல் வெளிவந்த ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ என்னும் நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. மறு ஆண்டே அவர் பணியைத் துறந்து, முழுநேர எழுத்தாளரானார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், டி.டி.டி. முதலிய பூச்சிக்கொல்லிகள் வயல்களிலும் காடுகளிலும் பெருமளவில் தெளிக்கப்பட்டன. பூச்சியைக் கொல்லத் தெளித்த நஞ்சு பூச்சியோடு நிற்கவில்லை. கானடா நாட்டின் மிராமிச்சி ஆற்றங்கரைக் காடுகளில் 1954இல் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. சில நாள்களில் ஆற்றோரங்களில் மீன்கள் செத்துக் கிடந்தன. கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீனின் குஞ்சுகள் பெரிதும் அழிந்தன. மறு ஆண்டு ஃபுளோரிடா மாநிலக் கடற்கரையின் உவர்ச் சதுப்பு நிலத்தில், ஈக்களின் புழுக்களை ஒழிக்க வேறொரு நஞ்சு தெளிக்கப்பட்டது. அங்கே 11 இலட்சத்திற்கு மேற்பட்ட மீன்கள் மாண்டன, நண்டுகளும் மடிந்தன. கடலோரச் சதுப்பு நிலங்களும் கழிமுகங்களும் மீன்குஞ்சுகளின் தொட்டில்கள். தொட்டிலில் நஞ்சு கலந்தால் கடலின் வளம் குன்றாதோ?

1958இல் தோழியார் ஒருவர், தம் ஊரில் மருந்து தெளித்தபின் பறவைகள் இறந்ததை அம்மையாருக்குத் தெரிவித்தார். அம்மையார் இத்தகைய சான்றுகளை நான்கு ஆண்டுகள் திரட்டினார். இடையில், 1960இல், கொடிய புற்றுநோய் அவரைப் பற்றியது. எதிர்ப்போர் அதனைக் காரணம் காட்டித் தம் சொல்லைப் புறக்கணிப்பர் என்று கருதி, நோயை வெளியிடாது மறைத்தார். வலியைப் பொறுத்துக்கொண்டு எழுதிய ‘மௌன வசந்தம்’ 1962இல் வெளிவந்தது.

மருந்து உற்பத்தியாளர் பலர் வெகுண்டெழுந்தனர். அவரை அறியாதவர் என்றும் உணர்ச்சிவயப்பட்டவர் என்றும் இகழ்ந்தனர். அம்மையார் அஞ்சவில்லை, கடுஞ்சொல்லுக்குக் கடுஞ்சொல் கூறவுமில்லை. மருந்துகள் அனைத்தையும் விலக்குமாறு அவர் கேட்கவில்லை. விளைவை ஆராயாமல் தெளிப்பதையே எதிர்த்தார். குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு இதனை ஆராய்ந்து, 1963இல் அம்மையாரின் கருத்துக்கு வலிமை சேர்த்தது.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் நாள், தம் 56ஆம் வயதில் அம்மையார் உயிர் நீத்தார். அவர் உழைப்பின் பயன் பின்னரே முழுமையாக விளைந்தது. சிற்றுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் செல்லுந்தோறும் டி.டி.டி. உடற்கொழுப்பில் மேன்மேலும் சேர்கிறது. அதனால் முட்டையோடு மெலிந்து, தாய்ப்பறவை அடைகாக்கும்போதே முட்டை உடைகிறது. அறிஞர் இதனைத் தெளிவாக நிறுவினர். 1972இல் அமெரிக்க அரசு, பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பதைத் தடை செய்தது. அழிவின் விளிம்பில் நின்ற பழுப்புக் கூழைக்கடாக்கள் கடற்கரைகளில் மீண்டும் பெருகின. 2009இல் அவை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

நிலத்தில் இடும் நஞ்சு நீரோடு சென்று கடலையும் சேரும் என்பது அம்மையார் கற்பித்த பாடம். தீங்கை அறிந்தவர் வாய்மூடி இருத்தல் தகாது என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம்.