‘எடுத்தாங்க’, ‘எடுத்துக்கிட்டாங்க’: என்ன வித்தியாசம்? கால்டுவெல் தந்த விளக்கம்

போடிநாயக்கனூரில் இருந்து தினமும் காலையில் ஜீப்கள் போடிமெட்டு வழியாக மலை ஏறுகின்றன. ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் காய் எடுக்கப் போகிறார்கள். சாயங்காலம் ஒருவர் ‘அவங்க காய் எடுத்தாங்க’ என்று சொன்னால், அது வேலைக் கணக்கு. ‘அவங்க காய் எடுத்துக்கிட்டாங்க’ என்று சொன்னால்? பிரச்சினைதான். அதே ஆள், அதே காய். நடுவில் வந்த ‘க்கிட்டு’ மட்டும் ஆதாயம் யாருக்கு என்பதை மாற்றிவிட்டது.

செய்வினை, செயப்பாட்டுவினை என்று பள்ளியில் படித்திருப்போம். இது இரண்டிலும் அடங்காது. இதைக் கவனித்து எழுதி வைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் கால்டுவெல்.

யார் இவர்?

1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கிரேக்கப் பேராசிரியர் ஒருவரின் வகுப்புதான் அவருக்கு மொழி ஒப்பீட்டில் ஆர்வத்தைத் தூண்டியது. 1838-ல் மிஷனரியாக சென்னை வந்து தமிழ் கற்றார். 1841-ல் தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றி நெல்லைச் சீமைக்கு நடந்தே போனார். தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் இடையன்குடிதான் அதன் பிறகு அவருக்கு ஊர்.

1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816-லேயே எல்லிஸ் என்ற அதிகாரி சொல்லிவிட்டார். அதை ஒலி, வேற்றுமை, வினை என்று விரிவாக நிறுவியது கால்டுவெல்லின் நூல்.

‘கொள்’ என்ன செய்கிறது?

கிரேக்கத்தில் ‘மிடில் வாய்ஸ்’ என்று ஒன்று உண்டு. செய்பவருக்கே பலன் திரும்பி வந்தால் வினையின் விகுதியே மாறும். ‘லூஓ’ என்றால் இன்னொருவரைக் குளிப்பாட்டுகிறேன். ‘லூஓமை’ என்றால் நான் குளிக்கிறேன். சமஸ்கிருதத்திலும் இப்படித்தான். அடுத்தவருக்காகப் புரோகிதர் யாகம் செய்தால் ‘யஜதி’, தனக்காகவே ஒருவர் செய்தால் ‘யஜதே’.

தமிழில் இது உண்டா? திராவிட மொழிகளில் இதற்கென்று தனி வினை வடிவம் கிடையாது, அந்த வேலையை ‘கொள்’ என்ற துணைவினை பார்க்கிறது என்பது கால்டுவெல்லின் பதில். பேச்சில் ‘கொண்டு’ என்பது ‘கிட்டு’ ஆகிவிடுகிறது.

• தனக்காக: நம்பரை எழுதிக்கிட்டேன்.
• தன் மேலேயே: கையை வெட்டிக்கிட்டான்.
• ஒருவருக்கொருவர்: ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க.

‘வந்துக்கிட்டு இருக்கேன்’ என்பதில் வருவதும் இதே சொல்தான். ஆனால் அங்கே அது வேலை தொடர்வதைக் காட்டுகிறது.

போடியில் இதைக் கேட்கலாம்

போடி, கம்பம் வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. மலை ஏறினால் மலையாளம். தெலுங்கில் ‘ராசானு’ என்றால் எழுதினேன். ‘ராசுகுன்னானு’ என்றால் எனக்காக எழுதிக்கிட்டேன். கன்னடத்தில் ‘பரெதெ’, ‘பரெதுகொண்டெ’. மலையாளத்தில் அதே சொல் வேறு பக்கம் திரும்பிவிட்டது: ‘செய்துகொள்ளாம்’ என்றால் நான் பார்த்துச் செய்துவிடுகிறேன் என்ற உறுதிமொழி. நான்கு மொழிகளிலும் ஒரே சொல் இப்படிப் புழங்குவது, இவை ஒரே குடும்பம் என்பதற்கு ஒரு சின்ன சாட்சி.

காது கேட்டது, கண் தவறியது

பேச்சின் இவ்வளவு நுணுக்கத்தைப் பிடித்தவர், பேசிய மக்களைச் சரியாகப் புரிந்துகொண்டாரா? 1849-ல் அவர் எழுதிய ‘தின்னவேலி சாணார்’ என்ற ஆங்கில நூல், அவர் யாருக்கு நடுவில் வாழ்ந்தாரோ அந்தச் சமூகத்தையே தாழ்த்திக் காட்டியது. பின்னாளில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒப்பிலக்கணத்தைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைசி நாட்கள்

1875-ல் ஒப்பிலக்கணத்தை விரிவாக்கி இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். 1877-ல் பிஷப் ஆனார். 1881-ல் நெல்லை வரலாற்றை எழுதினார். 1891-ல் ஓய்வு பெற்று கொடைக்கானல் போனவர், அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ல் அங்கேயே இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடியில் அவரே கட்டிய ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1968-ல் மெரினாவில் சிலை வந்தது; 2010-ல் தபால் தலை வந்தது.

நாம் இன்றும் ‘எடுத்துக்கோ’, ‘பாத்துக்கோ’, ‘வச்சுக்கோ’ என்று யோசிக்காமல் சொல்கிறோம். கொச்சை என்று சிலர் ஒதுக்கும் அந்த ‘க்கோ’தான், பலன் யாருக்குப் போகிறது என்பதைச் சொல்கிறது. கூலிக் கணக்கானாலும் சரி, சண்டையானாலும் சரி, அந்த ஒரு அசையில் நிறைய இருக்கிறது.