எண்ணெய்க் கிணற்றில் பிறந்த களிம்பு

சம்மட்டியும் மண்வெட்டியும் பிடிக்கும் கை காய்த்துப் போகும். பனிக்காலத்தில் தோல் வெடிக்கும். வெடிப்பில் அழுக்குப் புகுந்தால் இரவெல்லாம் எரியும். அத்தகைய கைகளையுடைய தொழிலாளர் சிலர் தாமே கண்டுகொண்ட மருந்தொன்றை உலகம் முழுவதற்கும் எடுத்து வழங்கியவர் இராபர்ட் சீஸ்பரோ என்பவர்.

இவர் 1837ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். அமெரிக்காவில் நியூயார்க்கு நகரை வாழிடமாகக் கொண்டார். வேதியியலில் வல்லவரான அவர், விளக்கெரிக்கும் எண்ணெயைத் தெளிவிக்கும் தொழிலை மேற்கொண்டிருந்தார். திமிங்கிலத்தின் எண்ணெய் வீடுகளில் எரிந்த காலம் அது. 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்னும் சிற்றூரில், டிரேக்கு என்பவர் தோண்டிய கிணற்றில், ஏறத்தாழ 69 அடி ஆழத்தில் மண்ணெண்ணெய்க்கு மூலமான பாறை எண்ணெய் ஊறிற்று. இனிப் பழைய எண்ணெய்க்கு விலை ஏது? சீஸ்பரோவின் பிழைப்பே ஆட்டங்கண்டது. அப்போது அவருக்கு வயது 22. சோர்ந்து அமராமல், கைப்பொருளைத் திரட்டிக்கொண்டு, தம் தொழிலைக் கெடுக்க வந்த எண்ணெயையே காணப் புறப்பட்டார்.

கிணற்றருகே பலநாள் நின்று அனைத்தையும் உற்று நோக்கினார். எண்ணெய் இறைக்கும் பொறியின் தண்டுகளில் கருமையான மெழுகு போன்ற பொருள் ஒன்று படிந்து, பொறியை அடிக்கடி நிறுத்தியது. தொழிலாளர் அதனை வெறுப்போடு சுரண்டி எறிந்தனர். ஆயினும் கையில் வெட்டுப்பட்டாலும் தீச்சுட்டாலும் அதே மெழுகைத் தேடி எடுத்துப் பூசிக்கொண்டனர். பிறர் கண்டும் காணாது சென்ற இச்செயல் சீஸ்பரோவின் கருத்தைக் கவர்ந்தது. எண்ணெய் வாணிகம் நாடிச் சென்றவர், கழிவு மெழுகைச் சுமந்துகொண்டு திரும்பினார். அவருக்கு வழிகாட்டிய அத்தொழிலாளரின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

கருமெழுகைத் தூய்மை செய்தல் எளிதாக இல்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதனைக் காய்ச்சியும் வடித்தும் பார்த்தார். எலும்புக் கரியினூடே வடிகட்டியபோது நிறமும் நாற்றமும் நீங்கி வெளிறிய களிம்பு கிடைத்தது. அதனைப் பிறர்மேல் சோதிக்க அவர் மனம் ஒப்பவில்லை போலும். தம் உடலிலேயே கீறியும் சுட்டும் புண்ணாக்கிக்கொண்டு பூசிப் பார்த்தார். 1870ஆம் ஆண்டில் புரூக்ளினில் ஆலை அமைத்தார். 1872இல் 'வாசலைன்' என்ற பெயரால் காப்புரிமை பெற்றார். தோல் பதனிடுவதற்கும் வெடித்த கைகளுக்கும் அது பயன்படும் என்று அவ்வுரிமை ஏட்டிலேயே எழுதினார்.

பொருள் இருந்தது, வாங்குவார் இல்லை. ஆகவே குதிரை வண்டியில் குப்பிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விலையின்றி வழங்கினார். தம் தோலில் இட்ட தழும்புகளையே மக்கள் முன் சான்றாகக் காட்டினார். குப்பி தீர்ந்தவர்கள் கடைகளில் கேட்கலாயினர். அதன்பின் கடைக்காரரே அவரைத் தேடினர். அந்நாளில் களிம்புகளைப் பன்றிக்கொழுப்பில் குழைப்பர். அது சில நாளில் ஊசிப்போகும். வாசலைன் ஊசுவதில்லை. எனவே மருந்து செய்வோரும் இதனை விரும்பி ஏற்றனர்.

ஒன்று கூற வேண்டும். சீஸ்பரோ நம்பியவாறு இக்களிம்பு எல்லா நோயையும் தீர்க்கும் மருந்தன்று. அது தோலின்மேல் மெல்லிய போர்வையாக நின்று ஈரம் வெளியேறாமல் காக்கிறது; அழுக்கைத் தடுக்கிறது. அந்தக் காவலின் கீழ்ப் புண்ணை ஆற்றிக்கொள்வது உடலே. தீப்பட்ட உடனே இதைப் பூசுதல் தவறு. முதலில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும் என்பர் இன்றைய மருத்துவர்.

ஆனால் அவருடைய நம்பிக்கை தளரவில்லை. நாள்தோறும் ஒரு கரண்டி வாசலைனை உண்டுவந்தார் என்றுகூடச் சொல்வார்கள். நாம் அதனைப் பின்பற்ற வேண்டுவதில்லை. அவர் 1933ஆம் ஆண்டில் தம் 96ஆம் வயதில் மறைந்தார்.