தாம்பரத்துக் காற்றை மருந்தாக்கிய டாக்டர் சௌரிமுத்து

தாம்பரத்திற்கும் குரோம்பேட்டைக்கும் இடையே மின்தொடர் வண்டி நின்று புறப்படும் நிலையத்திற்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். நாள்தோறும் அங்கே ஏறி இறங்கும் நம் இளைஞர்களுள் எத்தனை பேர் அப்பெயருக்குக் காரணமான மனிதரை அறிவர்? அவரே டாக்டர் டேவிட் சௌரிமுத்து. உறவு கொண்டாடும் பொருட்டு அவரை நாம் நினைக்கவில்லை. நம் சேரிகளை வாட்டிய ஒரு நோயோடு வாழ்நாளெல்லாம் போராடியவர் என்பதனாலேயே இம்மலரில் அவருக்கு இடமளிக்கின்றோம்.

காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். பகை இன்னதெனத் தெரிந்துவிட்டது. அதனைக் கொல்லும் மருந்துதான் இல்லை. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மருத்துவர் கையில் இருந்தவை தூய காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகியவையே. இவற்றை முறைப்படுத்தி வழங்கிய இல்லங்களே சானடோரியங்கள். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற சௌரிமுத்து, அந்நாட்டின் வைட் தீவிலும், பின்னர் வெல்ஸ் நகரையடுத்த மெண்டிப் குன்றுகளிலும் இத்தகைய இல்லங்களில் பணிபுரிந்தார். பத்தாண்டு அனுபவத்தை நூலாக எழுதி 1910இல் வெளியிட்டார். வெள்ளையர் ஆண்ட காலத்தில், அவர்களுடைய நாட்டிலேயே ஓர் இந்தியர் மருத்துவ இல்லத்தின் தலைமையில் அமர்ந்து அவர்களுக்கே சிகிச்சை அளித்தார் என்பதை நம் மாணவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெண்டிப் குன்று இல்லத்தில் அவரிடம் சிகிச்சை பெற்றவருள் ஒருவர் கணிதமேதை இராமானுசன். அங்கிருந்து மட்லக் என்னும் ஊரிலுள்ள இல்லத்திற்கு மாறிய அவர், 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அவருக்கு வந்தது காசநோயே அன்று, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் ஒரு மருத்துவர் கருத்துரைத்தார். அக்காலத்தில் நோயறிதலே எவ்வளவு அரிதாயிருந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

கிருமி ஒன்றே நோய்க்குக் காரணம் என்பதைச் சௌரிமுத்து ஏற்கவில்லை. நெருக்கடியான வீடு, காற்றுப் புகாத அறை, அரைவயிற்று உணவு, ஓயாத உழைப்பு ஆகியவையே கிருமிக்கு வழி திறந்து விடுகின்றன என வற்புறுத்தினார். கிருமியின் பங்கை அவர் குறைத்து மதித்தது பிழையே. ஆயினும் வறுமையை நோயின் வேராகக் கண்ட அவர் கண் கூர்மையானது.

தாயகம் திரும்பிய அவர், பச்சைமலையடிவாரத்தில் 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கைகளுடன் 1928இல் தாம்பரம் இல்லத்தைத் தொடங்கினார். தனியார் இல்லமாக இருந்த அதனை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. படுக்கைகள் பல நூறாகப் பெருகின.

ஆனால் இல்லத்தில் இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்? குடிசைக்குள் ஆறேழு பேரோடு இருமிக்கொண்டு கிடப்பான். இதற்கு விடை தேடியதும் சென்னையே. 1956இல் இங்கே தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த வறிய நோயாளரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் இல்லத்தில் படுக்கை, நல்லுணவு, செவிலியர் துணை ஆகியவற்றோடு மருந்து உண்டனர். மற்றவர் வீட்டிலேயே இருந்து அதே மருந்தை உண்டனர். குணமடைந்தோர் தொகை இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே என 1959இல் வெளிவந்த முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டிலிருந்தவரால் குடும்பத்தார்க்குத் தொற்று மிகவும் இல்லை. பரவ வேண்டிய தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்னரே பரவியிருந்தது. இராமானுசன் உயிர்நீத்த அதே சேத்துப்பட்டில்தான் அம்மையம் இயங்கி வருகின்றது.

அப்படியாயின் சௌரிமுத்துவின் உழைப்பு வீணோ? அன்று. மருந்து நோயைத் தீர்க்கும்; நோய் வராமற் காப்பது வேறு செய்தி. நோயாளியின் குடும்பத்தார்க்கு ஆறு திங்கள் சத்துணவுப் பொருள் வழங்கியபோது அவர்களுக்குள் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததென, ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சோறு குறித்து அம்முதியவர் சொன்னது நூறாண்டிற்குப் பின் எண்களால் நிறுவப்பெற்றது.

அவர் தொடங்கிய இடத்தில் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை நிற்கின்றது. எய்ட்ஸ் நோயாளரைப் பலரும் தீண்ட அஞ்சிய 1993ஆம் ஆண்டிலேயே அவர்களை உள்ளே சேர்த்துப் பராமரித்த மருத்துவமனை அது. தீண்ட அஞ்சுதல் என்பது யாதென நாம் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

நம் இல்லங்களில் இன்றும் சிலர், பெண்ணின் திருமணம் தடைப்படுமே என்று இருமலை மறைக்கின்றனர். இரு வாரம் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனையும், நோயெனின் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் முற்றி, மருந்துக்கு அடங்காததாய் மாறக்கூடும். நம் சங்கம் எழுப்பவிருக்கும் மாணவர் விடுதிக்கான வரைபடத்தில் ஓர் அறைக்கு ஒரு சாளரம் என்றிருந்ததைத் திருத்தி, எதிரெதிரே இரண்டாக ஆக்கியிருக்கின்றோம்.