பெலிசாரியஸ் பேசுகிறேன்

பைசாந்தியப் பேரரசின் சேனாதிபதி பெலிசாரியஸ் பேசுகிறேன். பின்னாளில் பேரரசரான ஜஸ்டினியனின் மெய்க்காவலர்களுள் ஒருவனாகத் தொடங்கியது என் வாழ்க்கை. 530இல் தாரா நகரின் முன்னே, எம்மைவிடப் பெரிய பாரசீகப் படையை வென்றேன். மறு ஆண்டே கல்லினிக்கம் போரில் தோற்றேன்.

532இல் தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிளில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் கூடியிருந்த குதிரைப் பந்தய அரங்கினுள் தளபதி முண்டஸும் நானும் படையோடு புகுந்தோம். அன்று மாண்டோர் 30,000 பேர் என்பர். அவர்கள் அந்நியரல்லர், எமது நகரத்து மக்கள். என் வெற்றிகளோடு சேர்த்து எண்ண முடியாத நாள் அது.

மறு ஆண்டு சுமார் 15,000 வீரருடன் கடல் கடந்து, வட ஆபிரிக்காவில் வாண்டல்களிடமிருந்து கார்த்தேஜைக் கைப்பற்றினேன். 536இல் உரோம் நகருள் நுழைந்தேன். கோத்தியர் ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டும் நகரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. 540இல் அவர்கள் எனக்கே முடிசூட்ட முன்வந்தனர். இசைவதுபோல் நடித்து ரவென்னாவுக்குள் புகுந்தேன். அதைப் பேரரசருக்கே உரியதாக்கினேன்.

ஆயினும் ஐயம் என்னைத் தொடர்ந்தது. பேரரசர் கொள்ளைநோயில் வீழ்ந்து எழுந்தபின் என் பதவி பறிபோனது. 559இல் நாடோடிப் படையினர் தலைநகரை நெருங்கியபோது மீண்டும் என்னையே அழைத்தனர். முதுமையிலும் சிறு படையுடன் சென்று விரட்டினேன். 562இல் சதிக் குற்றம் சுமத்தப்பட்டது; அடுத்த ஆண்டு நீங்கியது. 565இல் மரணித்தேன்.

கண்கள் பிடுங்கப்பட்டுத் தெருவில் பிச்சையெடுத்தேன் என்பது பிற்காலத்தில் எழுந்த கதை. இல்லாத அந்தக் குருட்டுக் கிழவனுக்காக இரங்கும் உலகம், அரங்கில் உண்மையாகவே மாண்ட அந்த மக்களுக்காகவும் இரங்கட்டும்.