மைதானத்தைத் திறந்துவிட்ட ஆசிரியை: செல்வி கொன்ஸ்டன்ஸ் அப்பிள்பீ

பாடசாலை மைதானத்தில் ஹொக்கி மட்டையுடன் ஓடிய நாட்களில் செல்வி கொன்ஸ்டன்ஸ் அப்பிள்பீயின் பெயரை நாம் அறிந்திருக்கவில்லை.

1873இல் இங்கிலாந்தில் பிறந்து, உடற்கல்வி பயின்ற அவர் 1901இல் அமெரிக்கா சென்றார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் கோடைகால வகுப்பில், கைக்குக் கிடைத்த மட்டைகளைக் கொண்டே ஹொக்கியை ஆடிக் காட்டினார். கடும் ஓட்டம் பெண்ணுடலுக்கு ஆகாதென மருத்துவர்களிற் பலரும் நம்பிய காலம் அது. அவர் மகளிர் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று மாணவியரை மைதானத்தில் இறக்கினார்.

1904 முதல் பிறின் மோர் கல்லூரியில் நீண்டகாலம் பணியாற்றினார். 1922இல் அமெரிக்க மகளிர் ஹொக்கிச் சங்கம் உருவாக முன்னின்றார். அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவின் மலைப்பகுதியில் அவர் தொடங்கிய பயிற்சி முகாமில், தொண்ணூறு வயது கடந்தும் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பித்தார். 1981இல், 107 வயதில் காலமானார்.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் நாமோ மட்டையைக் கீழே வைத்துவிட்டோம். இன்று மருத்துவராக இருந்து, நம் வயதுப் பெண்களுக்கு நடைப்பயிற்சி செய்யுமாறு சொல்லும்போதுதான் நாம் கைவிட்டது எதுவெனப் புரிகிறது. தேசிய இளையோர் சுற்றுப்போட்டிக்குப் போக நம் மகள்மார் அனுமதி கேட்டால், பரீட்சையைக் காட்டி மறிக்காதிருப்போம்.