பில் ஷாங்க்லி: கட்டியெழுப்பியவர் வெளியே நின்ற கதை

லிவர்பூல் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு முகம்மத் ஸலாஹ் அணிந்த சிவப்புச் சீருடைதான் கண்முன் வரும். மேற்சட்டை, காற்சட்டை, காலுறை மூன்றும் சிவப்பு. ஆனால் 1964ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி வரை அந்த அணி சிவப்பு மேற்சட்டையோடு வெள்ளைக் காற்சட்டைதான் அணிந்தது. பெல்ஜியத்தின் அண்டர்லெக்ட் அணியுடனான போட்டியில் முழுச் சிவப்பை அறிமுகப்படுத்தியவர் அப்போதைய முகாமையாளர் பில் ஷாங்க்லி. வீரர்கள் எதிரணியின் கண்ணுக்கு இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது அவரது எண்ணம்.

ஷாங்க்லி வென்ற கிண்ணங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவரது வாழ்வின் கடைசி ஏழு வருடங்களைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு நிறுவனத்துக்காக உயிரைக் கொடுத்து உழைக்கின்ற எவரும், அப்படி உழைத்தவர்களை வழியனுப்பி வைக்கின்ற எவரும் அந்த ஏழு வருடங்களை அறிந்திருப்பது நல்லது.

ஸ்கொட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் கிளென்பக் என்றொரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம் இருந்தது. இன்று அந்தக் கிராமமே இல்லை. 1913 செப்டெம்பர் 2ஆம் திகதி அங்கு ஷாங்க்லி பிறந்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள். ஐந்து ஆண் பிள்ளைகளும் பின்னாளில் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்களானார்கள். சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த அந்தக் கிராமம், அரை நூற்றாண்டு காலத்தில் சுமார் ஐம்பது தொழில்முறை வீரர்களை உருவாக்கியது. சுரங்கத்தை விட்டு வெளியேற அந்தப் பையன்களுக்குத் தெரிந்த ஒரே கதவு பந்துதான்.

பதினான்கு வயதில் பாடசாலையை விட்ட ஷாங்க்லி சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடங்களுக்குப் பின் சுரங்கம் மூடப்பட்டது. வேலையில்லாமல் இருந்த காலத்தையும் அவர் அனுபவித்தார். நிலத்துக்கடியில் ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருக்கும். எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் உழைப்பது, கிடைப்பதை எல்லோரும் பகிர்ந்துகொள்வது என்ற கொள்கையை அவர் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். தன் உதைபந்தாட்டக் கொள்கையும் வாழ்க்கைக் கொள்கையும் அதுதான் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

1932இல் கார்லைல் யுனைட்டட் அவரை எடுத்தது. அடுத்த வருடமே 500 பவுணுக்கு பிரெஸ்டன் நோர்த் என்ட் கழகத்துக்குச் சென்றார். வலது பக்க மத்தியகள வீரர். எதிரணியின் தாக்குதலை முறித்து, பந்தைப் பறித்து, முன்கள வீரர்களுக்குக் கொடுப்பது அவர் வேலை. ஓயாமல் ஓடுவார். மது, புகைத்தல் இரண்டையும் தவிர்த்து உடலைப் பேணினார். 1937 எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் பிரெஸ்டன் சண்டர்லாந்திடம் தோற்றது. அடுத்த வருடம் ஹடர்ஸ்பீல்டுக்கு எதிராக மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் கிடைத்த தண்ட உதையால் கிண்ணத்தை வென்றது. ஸ்கொட்லாந்து அணிக்காகவும் அவர் ஆடினார்.

அவருக்கு 26 வயது நிறைந்த மறுநாள் பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்தது. ஒரு வீரனின் மிகச் சிறந்த வருடங்களை இரண்டாம் உலகப்போர் விழுங்கிவிட்டது. விமானப் படையில் சேவையாற்றி, போர் முடிந்து திரும்பியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1949இல் விளையாடுவதை நிறுத்தி, தனது முதல் கழகமான கார்லைலுக்கு முகாமையாளராகச் சென்றார்.

அடுத்த பத்து வருடங்களில் அவர் எந்தப் பெரிய கிண்ணத்தையும் வெல்லவில்லை. கார்லைல், கிரிம்ஸ்பி, வேர்க்கிங்டன், ஹடர்ஸ்பீல்ட் என்று பணமில்லாத கழகங்களில் காலம் கழிந்தது. வீரர்களை வாங்கக் கேட்பார், நிர்வாகம் கைவிரிக்கும், விலகுவார். ஹடர்ஸ்பீல்டில் டெனிஸ் லோ என்ற மெலிந்த பையனை 16 வயதிலேயே முதல் அணியில் இறக்கினார். பின்னாளில் ஸ்கொட்லாந்தின் மிகப் பெரிய முன்கள வீரர்களில் ஒருவர் அவர்.

1959 டிசம்பரில் ஷாங்க்லி லிவர்பூலுக்கு வந்தார். கழகம் அப்போது இரண்டாம் பிரிவில் கிடந்தது. அன்ஃபீல்ட் மைதானம் பாழடைந்திருந்தது. மெல்வுட் பயிற்சித் திடலில் புல் மண்டியிருந்தது. அவர் பொறுப்பேற்ற முதல் போட்டியில் கார்டிஃப் அணி 4-0 என்று வென்று சென்றது.

புதிய முகாமையாளர் வந்தால் பழைய உதவியாளர்களை அனுப்பிவிடுவது வழக்கம். ஷாங்க்லி அதைச் செய்யவில்லை. பொப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பெனட் ஆகியோரை அப்படியே வைத்துக்கொண்டார். பாதணிகள் வைக்கும் சிறிய அறையொன்றில் அவர்கள் தினமும் கூடிப் பேசுவார்கள். அந்த அறைதான் பின்னாளில் இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் மிகப் புகழ்பெற்ற பயிற்சிக் கல்லூரியானது. வீரர்கள் அன்ஃபீல்டில் உடைமாற்றி, பஸ்ஸில் மெல்வுட் சென்று, பயிற்சி முடிந்து பஸ்ஸிலேயே திரும்புவார்கள். உடல் சூடு தணிந்த பிறகே குளிப்பு, அதன் பின் உணவு. இந்த ஒழுங்கினால் தசைக் காயங்கள் குறைந்தன என்று கழகத்தில் இருந்தவர்கள் நம்பினார்கள்.

1961இல் இயன் சென்ட் ஜோன், ரொன் யேட்ஸ் ஆகிய இரு ஸ்கொட்லாந்து வீரர்களை வாங்கினார். 1962இல் அணி முதலாம் பிரிவுக்கு உயர்ந்தது. 1964இல் லீக் சம்பியன். 1965இல் கழக வரலாற்றின் முதல் எப்.ஏ. கிண்ணம். 1966இல் மீண்டும் லீக் சம்பியன். அந்தப் பருவகாலத்தின் 42 லீக் போட்டிகளையும் வெறும் 14 வீரர்களைக் கொண்டே ஆடி முடித்தார்கள்.

இங்கே அவரது ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். காயமடைந்த வீரர்களை ஷாங்க்லி கண்டுகொள்ள மாட்டார். நேற்று வரை தோளில் கைபோட்டுப் பேசிய வீரன், காலில் அடிபட்டுக் கட்டிலில் கிடந்தால் அவரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வராது. அவரை நேசித்த வீரர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆட முடியாதவன் அணிக்குப் பயன்படாதவன் என்பது அவரது கணக்கு. 1965 இறுதிப் போட்டியின் ஆரம்ப நிமிடங்களிலேயே ஜெரி பைர்னின் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. அக்காலத்தில் மாற்று வீரரை இறக்க அனுமதியில்லை. மேலதிக நேரத்தோடு சேர்த்து 120 நிமிடங்களையும் அவர் ஆடி முடித்தார். ஷாங்க்லியின் கண்ணில் வீரன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வெற்றி தேடித் தந்தவர்கள் மீது அவருக்கிருந்த பற்று இன்னொரு பக்கம். அவர்களுக்கு வயதேறுவதை அவரால் ஏற்க முடியவில்லை. 1970 பெப்ரவரியில் எப்.ஏ. கிண்ணக் காலிறுதியில் வொட்ஃபர்ட் என்ற சிறிய அணியிடம் தோற்ற பிறகுதான் கண்திறந்தார். பழையவர்களை ஒவ்வொருவராக ஒதுக்கினார். 1971இல் ஸ்கந்தோர்ப் கழகத்திலிருந்து கெவின் கீகனைக் கொண்டுவந்தார். 1973இல் லீக் சம்பியன் பட்டமும் யூஈஎப்ஏ கிண்ணமும் ஒரே பருவகாலத்தில் கிடைத்தன. 1974 மே மாதம் நியூகாசிலை 3-0 என வென்று மீண்டும் எப்.ஏ. கிண்ணம்.

அதன் பின் மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. 1974 ஜூலை 12ஆம் திகதி பத்திரிகையாளர்களை அழைத்த கழகம், ஷாங்க்லி விலகுவதாக அறிவித்தது. நகரமே நம்ப மறுத்தது. அவருக்கு வயது 60. களைத்துவிட்டார், மனைவியோடு நேரம் செலவிட விரும்பினார். அவரது இடத்துக்குப் பெய்ஸ்லி வந்தார்.

புதிய பருவகாலம் தொடங்கியதும் ஷாங்க்லி மெல்வுட் திடலுக்கு வழமைபோல் வந்தார். உடற்பயிற்சி செய்வதற்காக மட்டுமே வந்தார். ஆனால் வீரர்கள் அவரைக் கண்டதும் பழைய பழக்கத்தில் தலைவரென்றே அழைத்தார்கள். பெய்ஸ்லிக்கு அது சங்கடமாயிற்று. ஒரு திடலில் இரண்டு தலைவர்கள் இருக்க முடியாது. பெய்ஸ்லியின் பக்கம் நியாயம் இருந்தது. காலப்போக்கில் ஷாங்க்லியின் வருகை நின்றது. நிர்வாக சபையில் அவருக்கு ஓர் இடமும் வழங்கப்படவில்லை. லிவர்பூலைவிட அதன் பரம எதிரியான எவர்டன் கழகம் தன்னை அன்போடு வரவேற்றதென்று 1976இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்று நூலில் மனம் நொந்து எழுதினார்.

ஆட முடியாதவனுக்கு இடமில்லை என்ற அவரது கணக்கு, 1974க்குப் பிறகு அவர் பக்கமே திரும்பியது. இதில் யாரையும் வில்லனாக்க முடியாது. கழகம் முன்னோக்கிப் போக வேண்டியிருந்தது. பெய்ஸ்லி ஒன்பது பருவகாலங்களில் ஆறு லீக் பட்டங்களையும் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களையும் வென்றார். 1977இல் முதல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற பதினொருவரில் பெரும்பான்மையானோர் ஷாங்க்லி காலத்தில் கழகத்துக்கு வந்தவர்கள். தான் இல்லாமலும் இயங்கக்கூடிய ஒன்றை அவர் கட்டியிருந்தார். ஒரு தலைவனுக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் அந்த வெற்றியை வெளியே நின்று பார்க்க அவர் தன்னைத் தயார்படுத்தியிருக்கவில்லை.

1981 செப்டெம்பர் 29ஆம் திகதி லிவர்பூல் வைத்தியசாலையொன்றில் மாரடைப்பால் ஷாங்க்லி காலமானார். வயது 68. கடைசி வரை அவர் வாழ்ந்தது சாதாரண மக்கள் வாழும் தெருவில், ஒரு சிறிய வீட்டில்தான். தெருப் பிள்ளைகள் கதவைத் தட்டினால் அவர்களோடு பந்து விளையாடப் போவார். ரசிகர்களின் கடிதங்களுக்குத் தன் கையாலேயே தட்டச்சு செய்து பதில் அனுப்புவார்.

அடுத்த வருடம் அன்ஃபீல்ட் மைதானத்தின் வாசலில் அவரது பெயரில் இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. யாரும் தனித்து நடக்கத் தேவையில்லை என்று பொருள்படும் ரசிகர்களின் பாடற்பெயர் அதன் உச்சியில் பொறிக்கப்பட்டது. 1997இல் சிலையும் வந்தது. எல்லாம் நல்லவைதான். ஆனால் அவர் உயிரோடிருந்த ஏழு வருடங்களில் கூட்டங்களில் ஒரு கதிரை, ஆலோசனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு கிடைத்திருந்தால் அதற்குப் பெரிய செலவு ஆகியிருக்காது.

ஒருவர் பதவியை விட்டு இறங்கும் நாளில் மாலை போட்டுவிட்டு, மறுநாளே அவரை மறந்துவிடும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. பதவியில் இருக்கும்போது இயலாதவர்களைக் கண்டும் காணாமல் கடந்து போகும் வழக்கமும் இருக்கிறது. ஷாங்க்லியின் வாழ்வில் இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டன. தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் அவரிடமிருந்து உழைப்பையும் ஒழுங்கையும் கற்றுக்கொள்ளட்டும். கட்டிலில் கிடந்த அந்தக் காயமடைந்த வீரனையும் மறவாதிருக்கட்டும். என்றோ ஒருநாள் அந்த இடம் எல்லோருக்கும் வரும்.